நின்ற வண்டி நஷ்டம்

அந்தப் பெட்ரோல் பங்க் முதலாளிக்கு ஊரார் வைத்திருந்த பெயர் ‘மூணு நிமிஷம்’. ஊர் முடிந்து நெடுஞ்சாலை வளையும் இடத்தில் இருந்தது அவருடைய பங்க். எந்த வண்டி உள்ளே நுழைந்தாலும் மூன்று நிமிடத்துக்குள் வயிறு நிறைந்து வெளியே போய்விட வேண்டும். ஓட்டுநர் கை பிரேக்கை இழுப்பதற்கு முன்பே ஒருவர் டேங்க் மூடியில் கை வைத்திருப்பார். மூடி திருகி முடிவதற்குள் இன்னொருவர் பில்லைக் கையில் திணித்திருப்பார். அதற்குப் பிறகும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டோ வாயைப் பிளந்துகொண்டோ நிற்கிறவர்களுக்கு விசில்தான்.

விசில் என்பது கருவிக்கும் பெயர், ஆளுக்கும் பெயர். தலைமைக் குழாய்க்காரர் ஒரு காலத்தில் பந்தாட்ட நடுவராக இருந்தவர். வேலை மாறினாலும் கழுத்துக் கயிறு மாறவில்லை. விசிலுக்கும் மசியாதவர்களை மாடிக் கண்ணாடி அறையில் இருந்து முதலாளியே மைக்கில் கவனித்துக்கொள்வார். “நீல வண்டி, எடுங்க! பின்னால இருக்கறவங்களும் மனுஷங்கதான்!” என்ற குரல் வளைவு வரைக்கும் கேட்கும்.

முகப்புச் சுவரில் அவருடைய அப்பா எழுதி வைத்த வாசகம் இன்னும் அழியாமல் இருந்தது. ‘நின்ற வண்டி நஷ்டம்.’ அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது, மகன் மட்டும் அந்த வாசகத்தின்படி ஒரு வரி பிசகாமல் நடந்தார். பங்க்கில் இருந்த ஒரே நாற்காலி அவருடையது, அதுவும் மாடியில். கழிப்பறை கட்டியே தீர வேண்டும் என்பது சட்டம். கட்டினார். திறந்து வைக்க வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறதா என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததால், சாவி அவருடைய பையிலேயே இருந்தது. உட்கார இடம் கொடுத்தால் படுக்க இடம் கேட்பான் என்பது அவர் கணிப்பு.

வீட்டிலும் அதே கதைதான். நின்றபடி சாப்பிடுவார், நடந்தபடி பேசுவார். அவருடைய மனைவி யாரைப் பார்த்தாலும் சொல்லிச் சிரிப்பார். “என்னை முதல் தடவை பார்க்க வந்தப்பவே எஞ்சினை அணைக்காமத்தான் வாசல்ல நின்னாரு. நான் சரின்னு சொல்லலைன்னா அடுத்த வீட்டுக்குப் போயிருப்பாரு.”

பங்க்கில் சரிபாதி அவருடைய அக்காவுக்குச் சொந்தம். அப்பா அப்படித்தான் எழுதி வைத்திருந்தார். அக்கா வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், மூன்று மணி நேரத் தொலைவில் வேறொரு ஊரில் குடியிருந்தார். கணவர் இறந்த சில மாதங்களில் அக்கா இரண்டு காரியங்கள் செய்தார். மின்சாரக் கார் ஒன்று வாங்கினார். கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளை வரவழைத்து, மற்றவர்கள் தொடர்கதை படிப்பதைப் போல ஒரு வரி விடாமல் படிக்கத் தொடங்கினார். படித்து முடித்த சூட்டோடு ரயிலேறித் தம்பி வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் குண்டைத் தூக்கிப் போட்டார்.

“பங்க்கை வித்துடலாம்டா.”

முதலாளி வழக்கம் போலத் தட்டைக் கையில் ஏந்தி நின்றுகொண்டிருந்தார். வாயில் வைத்த சோறு அப்படியே நின்றது.

“ஏன் அக்கா? நல்லாத்தானே ஓடுது?”

“இன்னைக்கு ஓடுது. கொஞ்சம் கொஞ்சமா எல்லா வண்டியும் கரன்ட்டுக்கு மாறுது. மாறி முடிஞ்சப்புறம் வித்தா மண்ணு விலைதான் கிடைக்கும். இப்பவே கிடங்குக் கம்பெனிக்காரங்க நல்ல விலைக்குக் கேக்குறாங்க. என் பாதியை நான் பங்குச் சந்தைல போட்டுக்கறேன்.”

“எந்தக் கார் கம்பெனில போடப் போற?”

“கார் கம்பெனில போட எனக்கு என்ன பைத்தியமா? இருக்கறதுல எவன் நிப்பான், எவன் விழுவான்னு அவனுக்கே தெரியாது. ஆனா எவன் ஜெயிச்சாலும் செம்புக் கம்பி வேணும், டிரான்ஸ்ஃபார்மர் வேணும். நான் கம்பி செய்றவன்கிட்ட போடுவேன். போட்டுட்டு அஞ்சாறு வருஷம் அசையாம உக்காந்திருப்பேன். முதலீடுன்னா பாதி உக்கார்றதுதான்டா.”

முதலாளிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த இடத்தில்தான் அவர் நடக்கப் பழகினார். டீசல் வாடை இல்லாத காற்று அவருக்குக் காற்றாகவே படாது. அதை விற்றுவிட்டுத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு உட்காருவதாம்.

“கரன்ட் வண்டி வரும்னு நானும்தான் நம்புறேன். வந்தா வரட்டும். பெட்ரோல் விக்கத் தெரிஞ்சவனுக்கு கரன்ட் விக்கத் தெரியாதா? இங்கயே சார்ஜர் வைக்கிறேன்.”

“வை. ஒரு வருஷம் பார்ப்போம். அடுத்த மழைக்காலம் முடியும்போது சார்ஜர் தன் கால்ல நிக்கலைன்னா, பேசாம கையெழுத்துப் போடணும். சரியா?”

“சரி,” என்றார் முதலாளி. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவருக்கு அன்று ராத்திரிதான் உறைத்தது.

ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அவரைக் குறை சொல்ல முடியாது. சேமிப்பில் கைவைத்தார். பெட்ரோல் குழாய்களுக்கு மேலே இருந்த கூரை முழுக்கச் சூரியத் தகடுகள் ஏறின. வெளியேறும் வழிக்குப் பக்கத்தில், வண்டி சட்டென்று சாலையில் ஏற வசதியான இடமாகப் பார்த்து இரண்டு சார்ஜர்கள் நட்டார். மாட்ட வந்த பொறியாளர், “ஒரு வண்டிக்கு முக்கால் மணி நேரம் வரைக்கும் ஆகும் சார்” என்றார். முதலாளி அதை மிஷினுக்கு இருக்கும் ஏதோ ஒரு சின்ன வியாதி போலக் கேட்டுக்கொண்டார். “நம்ம பங்க்ல எல்லாம் சீக்கிரமா முடிஞ்சிடும்” என்று பொறியாளருக்கே ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

முதல் வாரம் வேடிக்கை பார்க்கவே பத்துப் பேர் வந்தார்கள். அப்புறம் ஐந்து, அப்புறம் இரண்டு. மழைக்காலம் நெருங்கியபோது சார்ஜர் கைப்பிடியில் சிலந்தி வலை பின்னியிருந்தது. முதலாளிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கட்டணத்தைக் குறைத்தார். வளைவுக்கு முன்னால் பெரிய பலகை வைத்தார். இரவில் மின்னும் நீல விளக்கு மாட்டினார். வருகிறவர்கள் ஒரு தடவை வந்தார்கள். மறு தடவை எட்டிப் பார்க்கவில்லை.

வந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தினமும் கண்ணால் பார்த்ததுதான். ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து சார்ஜரைச் செருகினார். வண்டிக்குள் வெக்கை தாங்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே நின்றார். நிழல் இருக்கிற பக்கமாக நகர்ந்தால் அது பெட்ரோல் வரிசை. விசில் பறந்தது. திரும்பி வந்து கழிப்பறைச் சாவி கேட்டார். சாவி முதலாளியிடம், முதலாளி மாடியில். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பாதிகூட ஏறாத வண்டியில் இருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கிளம்பிப் போனார். மாடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த முதலாளிக்கு உள்ளூரத் திருப்திதான். கரன்ட் வண்டியைக்கூட இவ்வளவு சுருக்காக அனுப்பிவிட்டோமே என்று விசிலைத் தட்டிக்கொடுத்தார். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

“போன்ல உங்க பங்க்கைப் பத்தி எழுதியிருக்காங்க, படிக்கட்டுமா?” என்று ஒரு நாள் மனைவி கேட்டார்.

“படி.”

மனைவி கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

மழைக்காலம் முடிந்தது. ஒப்பந்தத் தாளை எடுத்துக்கொண்டு கிடங்குக் கம்பெனி ஆள் பங்க்குக்கே வருவதாக ஏற்பாடாயிற்று. அக்காவும் வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று காலையில் முதலாளி குளித்து, சட்டை மாற்றி, கண்ணாடி அறையில் போய் அமர்ந்தார். மனசு ஒரு நிலையில் இல்லை. கீழே ஒவ்வொரு வண்டியாக வந்து வந்து போவதைப் பார்த்தார். நாளை முதல் இதெல்லாம் யாருடையதோ. அந்தத் துக்கத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் இருந்தபோதுதான், சார்ஜர் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் ஐந்து நிமிடத்துக்கு மேலாக நிற்பது கண்ணில் பட்டது. வெளியேறும் வழியில் பாதியை மறித்திருந்தது. பின்னால் ஒரு லாரி உறுமியது. விசில் ஊதி ஊதிக் கன்னம் உப்பிப் போயிருந்தார். கார் அசையவில்லை.

முதலாளி மைக்கை இழுத்தார். ஒரு வருஷத்துக் கோபமும் அதில் இறங்கியது.

“வெள்ளைக் கார்! எவ்வளவு நேரம் நிப்பீங்க? இங்க என்ன குடும்பமா நடத்தப் போறீங்க? எடுங்க!”

காரின் மறுபக்கத்தில் இருந்து ஒருவர் மெதுவாகச் சுற்றி வந்தார். இடுப்பில் கை வைத்து, மாடிக் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தார். அக்கா.

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா எப்போதும் ரயிலில்தான் வருவார். இந்தக் காரைப் படத்தில்கூட அவர் சரியாகப் பார்த்ததில்லை. படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினார்.

“நீயா அக்கா? ரயில்ல வர்றேன்னு நினைச்சேன்.”

“ஏன், நான்னு தெரிஞ்சா கத்தியிருக்க மாட்டியா?” அக்காவின் முகம் வெயிலில் சிவந்திருந்தது. “வழியில ஒரு சார்ஜர் கெட்டுப்போய்க் கிடந்தது. சரி, தம்பி பங்க் வரைக்கும் போயிடலாம்னு ஒரு வீம்புல வந்துட்டேன். மூணு சதவீதம் இருக்கும்போது வந்து சேர்ந்தேன். இப்ப எடுத்தா அந்த வளைவுலயே நின்னுடும். கத்தறதுக்கு முன்னாடி கழிப்பறைச் சாவியைக் குடு.”

சாவியைக் கொடுத்தார். அக்கா போய்வந்து, உட்கார இடம் தேடிச் சுற்றும் முற்றும் பார்த்தார். எண்ணெய் டப்பாக்கள் இருந்தன, தீயணைக்கும் மணல் வாளிகள் இருந்தன. அறுபது வயதைத் தாண்டியவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டு கார் மேல் சாய்ந்தார். கார் சுட்டது, நிமிர்ந்துகொண்டார்.

முதலாளிக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. மாடிக்கு ஓடி, தன் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். அவர் அதைச் சார்ஜர் பக்கத்தில் போட்டதும் விசில் சத்தம் வந்தது. தரையில் நாற்காலியைக் கண்ட அதிர்ச்சியில் அந்த மனிதர் ஊதிவிட்டார். தொட்டில் பழக்கம். முதலாளி திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் விசில் வாயில் இருந்து நழுவியது.

“நீயும் உக்காரு,” என்றார் அக்கா.

“பரவாயில்ல, நான் நிக்கறேன்.”

“உக்காருடா. அண்ணாந்து பேசி எனக்குக் கழுத்து வலிக்குது.”

முதலாளி ஒரு மணல் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், சார்ஜர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் அந்த இடத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. உச்சி வெயில் நேராக மண்டையில் இறங்கியது. வெளியேறும் லாரி ஒவ்வொன்றும் முகத்தில் புகையை உமிழ்ந்துவிட்டுப் போனது. எதிரே பெட்ரோல் குழாய்களுக்கு மேல் சூரியத் தகடுகளின் நிழல் குளுகுளுவென்று விழுந்து கிடந்தது. அதற்குக் கீழே நிற்கிறவர்கள் மூன்று நிமிடத்தில் போய்விடுகிறவர்கள்.

அக்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “போறவனுக்கு நிழல், இருக்கறவனுக்கு வெயில். நல்லா யோசிச்சிருக்கடா.”

முதலாளி சும்மா இருக்க முடியாமல் திருப்பிக் கொடுத்தார். “ஊர்ல இருக்கற கம்பெனி அறிக்கை எல்லாம் உக்காந்து படிக்கிற. உன் பாதி இடம் எப்படி இருக்குன்னு இந்த ஒரு வருஷத்துல ஒரு தடவை வந்து பார்த்தியா?”

“வரலை.” அக்கா ஒப்புக்கொண்டார். “வந்தா மட்டும் என்ன? நீ நின்னுகிட்டே பேசுவ. அப்புறம் ஜீப் சத்தம் கேக்கும்.”

லாரி ஒன்று போனது. புகை அடங்கும் வரைக்கும் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“உங்க மாமா போன அன்னைக்கு வந்த. ஞாபகம் இருக்கா? கதவுகிட்ட நின்ன. எது வேணும்னாலும் சொல்லு அக்கான்ன. உனக்குத் தண்ணி எடுத்துட்டு வரலாம்னு உள்ள போனேன். செம்போட திரும்பி வந்து பார்த்தா வாசல்ல நீ இல்ல.”

“பங்க்ல டேங்கர் வந்து நின்னுது அக்கா.”

“தெரியும். நின்ன வண்டி நஷ்டம்.”

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். காலடியில் எண்ணெய்க் கறை ஒன்று இருந்தது, அதைச் செருப்பால் தேய்த்தார். போகாத கறை.

“டேங்கர் வந்தது நெசம்,” என்றார் கடைசியில். “ஆனா அதை விசில் பார்த்துப்பான். அங்க உக்காந்திருந்தா நான் அழுதிருப்பேன் அக்கா. மாமா நாற்காலி காலியா இருந்துச்சு. அதைப் பார்க்க முடியலை. ஓடிட்டேன்.”

“அழுதா என்னடா? நான் மட்டும் என்ன சிரிச்சுக்கிட்டா இருந்தேன்?” அக்காவின் குரல் உடைந்தது. கையில் இருந்த முந்தைய நாள் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டு சமாளித்தார். “கம்பி, பங்கு எல்லாம் நான் சொன்னது உண்மைதான். கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். ஆனா, என் தம்பி ஒரு நிமிஷம் உக்காராத இடத்துல எனக்குப் பாதி எதுக்குன்னும் தோணிச்சு. அதுவும் உண்மைதான்.”

சார்ஜர் ‘உம்’மென்று இரைந்துகொண்டிருந்தது. வேறு போக்கிடம் இல்லை. அக்காவின் வண்டி கிளம்பாது, அக்காவை விட்டுவிட்டுத் தம்பி கிளம்ப முடியாது. இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பேசாமல் உட்கார்ந்திருப்பதும் ஒரு காரியம்தான் என்பது முதலாளிக்குப் புதிதாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கிடங்குக் கம்பெனி ஆள் வந்து சேர்ந்தார். கையில் தோல் பை, வாய் நிறையச் சிரிப்பு. மேசையைத் தேடினார். இல்லை. நாற்காலியைத் தேடினார். அக்கா உட்கார்ந்திருந்தார். தாளைக் கார் மேலேயே விரித்து வைத்தார்.

முதலாளி எழுந்தார். “குடுங்க, நானே முதல்ல போடறேன். அக்கா, நீ சொன்னதுதான் சரி. ஒரு வருஷம் குடுத்த. நான் தோத்துட்டேன். இந்த வெயில்ல எவன் வந்து நிப்பான்?” கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. அதை மறைக்க அவர் எங்கும் ஓடவில்லை. ஓடாததே பெரிய விஷயம்.

பேனா மூடியைத் திறந்தபோது அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

“இரு. இந்த வருஷம் சார்ஜருக்கு வந்தவங்கள்ல எத்தனை பேரை நீ விரட்டின?”

“நான் எங்க விரட்டினேன்?”

அக்கா திரும்பி விசிலைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க. எத்தனை பேரு முழுசா ஏத்திக்கிட்டுப் போனாங்க?”

விசில் முதலாளியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “ஒருத்தரையும் நிக்க விடலைம்மா,” என்றார். அதைப் பெருமையாகச் சொல்லத் தொடங்கி, பாதியில் குரல் இறங்கிப் போயிற்று.

“அப்ப இது கணக்கே இல்ல.” அக்கா தாளை மடித்தார். வங்கியில் முப்பது வருஷம் கடன் மனுக்களைத் திருப்பி அனுப்பிய கை அது, மடிப்பு நேராக விழுந்தது. “கடையைத் திறந்து வெச்சு, வர்றவனை எல்லாம் அடிச்சுத் துரத்திட்டு, வியாபாரம் இல்லைன்னா என்ன அர்த்தம்? அந்தப் பக்கம் பெட்ரோலை விக்கற. இங்க நீ விக்க வேண்டியது கரன்ட் இல்லடா. அது அவங்க வீட்டுலயே இருக்கு. இந்த முக்கால் மணி நேரத்தை அவங்க எங்க கழிப்பாங்க? அதைத்தான் நீ விக்கணும். தோத்தது சார்ஜர் இல்ல, நீதான். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலை.”

“அம்மா, விலை இன்னைக்கு மாதிரி நாளைக்கு இருக்காது,” என்றார் கம்பெனி ஆள். சிரிப்பு பாதி கரைந்திருந்தது.

“இல்லாட்டிப் போகுது. இன்னும் ஒரு வருஷம். தப்பாப் பார்த்த கணக்கை வெச்சு நான் எதையும் விக்கறதும் இல்ல, வாங்கறதும் இல்ல.” மறுபடி பேப்பரால் விசிறிக்கொண்டே தம்பி பக்கம் திரும்பினார். “உனக்காக இல்ல. புரியுதா? கணக்குக்காக.”

“புரியுது,” என்றார் முதலாளி. அக்கா பொய் சொல்லும்போது விசிறுவதை நிறுத்திவிடுவார் என்பது அவருக்குச் சின்ன வயதிலேயே தெரியும். விசிறி நின்றிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவியிடம், “போன்ல என்னவோ எழுதியிருக்காங்கன்னு சொன்னியே, படி” என்று கேட்டார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தும்விட்டார். மனைவி முதலில் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார். பிறகு படித்தார். பட்டியல் நீளம். ‘வண்டிக்குச் சார்ஜ் ஏறும், நமக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்’ என்ற வரியில் மனைவியே சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை.

அடுத்த வருஷம் அப்படி ஒன்றும் பொன்மாரி பொழிந்துவிடவில்லை. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். சிதறவில்லை, அவ்வளவுதான். சார்ஜர்களைப் பின்பக்கம் மரத்தடிக்கு மாற்றினார்கள். அதற்கு மேல் ஒரு கூரை, கூரைக்கு மேல் இன்னும் கொஞ்சம் தகடுகள். ஆறு நாற்காலி, இரண்டு மின்விசிறி. கழிப்பறை திறந்தது. சாவியை எங்கே வைத்தோம் என்பதே முதலாளிக்கு மறந்து போயிற்று. ஒரு அம்மாள் டீயும் ரொட்டியும் விற்கக் கடை கேட்டார். முன்பாக இருந்தால் மைக்கில் பதில் போயிருக்கும். இப்போது உட்கார வைத்துப் பேசி, வாடகை முடிவானது. வருகிறவர்கள் மெல்ல வந்தார்கள், வந்தவர்களே மறுபடியும் வந்தார்கள். சார்ஜர் தன் காலில் நின்றது என்று சொல்ல மாட்டேன், ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அந்தக் கைக்குழந்தைப் பெண் ஒரு நாள் வந்தார். குழந்தை இப்போது நடந்தது. முதலாளி தானே போய் மின்விசிறியை அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

பெட்ரோல் பக்கம் எல்லாம் பழையபடிதான். சுவரில் அப்பாவின் வாசகத்தை அவர் அழிக்கவில்லை. அந்தப் பக்கத்துக்கு அது இன்றைக்கும் சரிதான் என்றார். விசில் மட்டும் மரத்தடிப் பக்கம் போகும்போது விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. கழற்றினாலும் கை கழுத்துக்குப் போய்ப் போய் வந்தது.

கெடு முடிகிற நாளில் அக்கா வந்தார். காரைச் சார்ஜரில் செருகினார். முதலாளி வருஷக் கணக்கை வாய்ப்பாடமாகவே வைத்திருந்தார். நின்றபடியே ஒப்பிக்கத் தொடங்கினார்.

“கணக்கு அப்புறம். என் சேமிப்புல கொஞ்சம் போட்டேனே, அந்தக் கம்பிக் கம்பெனி எப்படி இருக்குன்னு கேளு முதல்ல.”

“எப்படி இருக்கு?”

“படுத்துடுச்சு.” அக்கா ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். “எந்திரிக்கும். நான் அவசரப்படலை. கிடங்குக்காரனை வேற இடம் பார்த்துக்கச் சொல்லிட்டேன். அந்த ஆளு போன வாரம் இங்க வந்து சார்ஜ் போட்டானாமே?”

“ரெண்டு டீ குடிச்சான்.”

முதலாளி காரின் முகப்புத் திரையைப் பார்த்தார். எண்பத்தைந்து சதவீதம் என்று காட்டியது. அக்காவைப் பார்த்தார். அக்கா பேப்பரை எடுத்து விசிறிக்கொண்டிருந்தார், மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே.

“வழியிலயே ஏத்திட்டு வந்திருக்கியே அக்கா. இதுக்கு எதுக்குச் சார்ஜ்?”

“வீடு வரைக்கும் போகணும்ல,” என்றார் அக்கா. பேப்பர் விசிறி நின்றது.

முதலாளி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். டீ வந்தது. குடித்து முடிப்பதற்குள் சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது, முடிந்துவிட்டது என்று மணி அடித்தது. எட்டத்தில் நின்றிருந்த விசிலின் கை கழுத்துக்குப் போய், ஒன்றும் கிடைக்காமல் இறங்கியது. சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. முதலாளி காலி டம்ளரைக் கையில் உருட்டினார். கேட்க வந்ததை இரண்டு தடவை விழுங்கினார்.

“அக்கா, மாமாவுக்குக் கடைசியா என்ன ஆச்சு? நீ சொல்லவே இல்லையே.”

“நீ கேக்கலையேடா.”

“இப்பக் கேக்கறேன்.”

அக்கா பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அன்றைக்குக் காலையில் கணவர் எழுந்ததில் இருந்து சொல்லத் தொடங்கினார். சொல்லி முடிக்க வெகு நேரம் ஆயிற்று. தம்பி எழுந்திருக்கவில்லை.